மட்டக்குதிரைகளில் மூட்டு, முதுகு நோய்கள்

மட்டக்குதிரைகளில் மூட்டு, முதுகு நோய்கள் எனப்படுவன, சவாரிக்கும் வண்டிக்கும் பழக்கப்பட்ட சிறுவகைக் குதிரைகளின் கால் மூட்டுகளிலும் முதுகெலும்புத் தொடரிலும் அதனைச் சூழ்ந்த தசைகளிலும் தோன்றும் தேய்வு, அழற்சி, வலி ஆகியவையாகும். தோள்மேட்டில் அளக்கும்போது ஏறத்தாழ 148 செ.மீ. (14 கை 2 அங்குலம்) உயரத்துக்கு உட்பட்ட குதிரை மட்டக்குதிரை அல்லது மட்டம் என வழங்கப்படுகிறது. இந்நோய்களில் சில முதுமையாலும் பிறவி அமைப்பாலும் வருகின்றன. எனினும் பெரும்பகுதி சுமை, சேணம், குளம்பு, தீவனம் ஆகிய நான்கில் நேரும் பிழைகளால் வளர்கிறது. ஆதலால் மருந்தைவிட அன்றாடப் பேணலே இவற்றில் முதன்மை பெறுகிறது.

செட்டிநாட்டுச் சூழல்

காரைக்குடியை உள்ளடக்கிய செட்டிநாட்டுப் பகுதியில் அய்யனார் கோயில்கள்தோறும் சுடுமண் குதிரைகள் நிறைந்துள்ளன. சிங்கம்புணரி சேவுகப்பெருமாள் அய்யனார் கோயில் உள்ளிட்ட இடங்களில் புரவி எடுப்பு விழா நடைபெறுகிறது. உயிருள்ள குதிரைகளோ இங்குச் சிலவே. ஒரு காலத்தில் தொடருந்து நிலையங்களிலிருந்து ஊருக்குள் ஆட்களை ஏற்றிச் சென்ற சட்கா வண்டிகள் தானியின் வரவால் மறைந்தன. இன்று சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் கோயில் திருவிழாக்களையொட்டி நடக்கும் மாட்டுவண்டி, குதிரைவண்டி எல்கைப் பந்தயங்களே குதிரை வளர்ப்புக்கு முதன்மைக் காரணமாக உள்ளன. மாப்பிள்ளை அழைப்பு, கோயில் ஊர்வலம், சிறுவர் சவாரி ஆகியவற்றுக்கும் மட்டங்கள் அமர்த்தப்படுகின்றன. கொடைக்கானல் ஏரிக்கரையிலும் உதகமண்டலத்திலும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் குதிரைகளுள்ளும் மட்டங்கள் பல.

இந்தியாவில் பதிவுபெற்ற குதிரை இனங்களான மார்வாரி, கத்தியவாரி, மணிப்புரி, இசுபிதி, சன்சுகாரி, பூட்டியா முதலியவற்றுள் தமிழகத்துக்கு உரியது எதுவுமில்லை. இங்குள்ள மட்டங்கள் பெரும்பாலும் கலப்பினத்தவை. அவற்றின் எடையும் முதுகின் அகலமும் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால், ஒரு குதிரைக்கு வாங்கிய சேணம் மற்றொன்றுக்குப் பொருந்துவது அரிது.

உடலமைப்பு

குதிரையின் முதுகெலும்புத் தொடரில் கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 18, இடுப்பில் 6, திருகப் பகுதியில் 5 எலும்புகள் உள்ளன. மார்பு முள்ளெலும்புகளின் மேல்முனைகள் நீண்டு நிற்கின்றன. சவாரி செய்பவர் அமரும் இடம் ஏறத்தாழ 13ஆம் எலும்பிலிருந்து 18ஆம் எலும்பு வரையிலான பகுதியின் மேல் அமைகிறது. முள்முனைகள் ஒன்றையொன்று நெருக்கி உரசும் நோய் மிகுதியாகக் காணப்படுவதும் இவ்விடத்திலேயே.

குதிரைக்குத் தோள்பட்டை எலும்பை மார்புடன் இணைக்கும் காறையெலும்பு இல்லை. முன்னுடல் முழுவதும் இரு முன்கால்களுக்கிடையே தசைகளால் தூளிபோல் தொங்குகிறது. நிற்கும்போது உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்கால்கள் தாங்குகின்றன. வயிற்றுத் தசைகள் வலுவிழந்தால் முதுகு தொய்கிறது. தொய்ந்த முதுகின்மேல் எடை ஏறும்போது முள்முனைகள் மேலும் நெருங்குகின்றன. குதிரையின் முதுகைக் காப்பது அதன் வயிறே எனப் பயிற்சியாளர் கூறுவது இதனாலேயே.

அறிகுறிகள்

குதிரை இரையாகும் விலங்கினத்தைச் சேர்ந்தது. வலியை வெளிக்காட்டாமல் மறைப்பது அதன் இயல்பு. ஆகவே நொண்டல் கண்ணுக்குப் புலப்படும் காலத்துக்குப் பல வாரங்கள் முன்பே நோய் தொடங்கியிருக்கக்கூடும்.

தொடக்க அறிகுறிகள் பெரும்பாலும் குணக்கேடாகவே தவறாகக் கருதப்படுகின்றன. வயிற்று வாரை இறுக்கும்போது கடிக்க வருதல், தேய்த்துவிடும்போது முதுகைத் தாழ்த்துதல், லாடம் அடிக்கக் காலைத் தூக்கித் தர மறுத்தல், இறக்கத்தில் தயங்கி நடத்தல், ஓயாமல் வாலைச் சுழற்றுதல், காதுகளைப் பின்னோக்கி மடக்குதல் ஆகியவை அவற்றுட் சில. பிரித்தானியக் கால்நடை மருத்துவர் சூ தைசன் 2018இல் வெளியிட்ட ஆய்வில் சவாரியின்போது காணப்படும் 24 நடத்தைகளைத் தொகுத்தார். அவற்றுள் எட்டோ அதற்கு மேலோ ஒரு குதிரையிடம் காணப்பட்டால் அதற்குத் தசை, எலும்பு சார்ந்த வலி இருக்க வாய்ப்பு மிகுதி என அப்பட்டியல் கொள்கிறது. முரட்டுக் குதிரை எனச் சவுக்கடி பெறும் மட்டத்தை முதலில் வலியுள்ள குதிரையாகக் கருதிச் சோதிப்பதே முறை.

நொண்டலைக் கண்டறியக் குதிரையைக் கெட்டியான சமதரையில் கயிற்றைத் தளரவிட்டுப் பெருநடையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். முன்கால் வலித்தால் அக்கால் தரையில் ஊன்றும் நேரத்தில் தலை உயரும். நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். பின்கால் வலித்தால் அப்பக்க இடுப்பு கூடுதலாக ஏறி இறங்கும். இரு கால்களிலும் ஒரே அளவில் வலி இருப்பின் தலையசைவு தெரியாது. அடி குறுகுவது மட்டுமே தெரியும். வட்டமாக ஓட்டினால் இது வெளிப்படும். குளம்பின் முன்நுனி மட்டும் தேய்ந்திருப்பது, பின்காலைப் போதிய அளவு தூக்காமல் இழுத்து நடப்பதற்குச் சான்றாகும்.

காணப்படும் நோய்கள்

பின்கணு மூட்டுத் தேய்வு: பின்கால் கணுவின் கீழ்வரிசைச் சிறு மூட்டுகளில் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்பு வளர்ந்து, இறுதியில் மூட்டு ஒட்டிக்கொள்வது. ஒட்டிய பின் வலி குறைவதும் உண்டு. வண்டிக் குதிரைகளிலும் திடீரெனத் திருப்பி ஓட்டப்படும் குதிரைகளிலும் காணப்படுகிறது. கணு வலிக்கும் குதிரை பின்காலால் உந்தாமல் முதுகை விறைப்பாக வைத்துக்கொள்வதால், முதுகுவலியும் உடன் தோன்றுகிறது. முதுகுக்கு மட்டும் மருத்துவம் செய்து பயன் காணாத குதிரைகளில் கணுவையும் சோதிக்க வேண்டும்.

குளம்பு வளைய எலும்பு வளர்ச்சி: குளம்புக்குச் சற்று மேலுள்ள மூட்டுகளைச் சூழ்ந்து எலும்பு தடிப்பது. குளம்பைச் சமமின்றிச் செதுக்குவது இதனைத் தூண்டும்.

முட்டிச்சில்லு பூட்டிக்கொள்ளல்: பின்கால் திடீரென நீட்டியபடி விறைத்து நின்றுவிடும். மாடுகளில் இது அடிக்கடி காணப்படுவதால் கால்நடை மருத்துவர்களுக்கு நன்கு அறிமுகமானது. மாட்டில் நாரை வெட்டிவிடும் சிறு அறுவை மருத்துவத்தால் பெரும்பாலும் குணமாகும். குதிரையில் அவ்வறுவைக்குப் பின் முட்டிச்சில்லு சிதைய வாய்ப்புள்ளதால், தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியே முதலில் மேற்கொள்ளப்படுகிறது. மெலிந்த இளம் மட்டங்களில் உடல் தேறியவுடன் இது தானே மறைவதுண்டு.

முதுகு முள்முனை உரசல்: எக்சு-கதிர் படத்தில் உரசல் தெரியும் எல்லாக் குதிரைகளுக்கும் வலி இருப்பதில்லை. படத்தை மட்டும் நம்பி முடிவு செய்யலாகாது. அவ்விடத்தை மரத்துப்போகச் செய்து நடை மாறுகிறதா எனப் பார்த்தே மருத்துவர் உறுதி செய்வர்.

தசைவலியும் சேணப் புண்ணும் நடைமுறையில் மிகுதி. தோள்மேட்டின் இருபுறமும் வெண்மயிர் முளைத்திருப்பின் அங்கு முன்பு அழுத்தப்புண் இருந்தது எனக் கொள்ளலாம்.

தீவனமும் எலும்பும்

தமிழகத்தில் பெரும்பாலும் கவனிக்கப்படாத காரணம் தீவனமாகும். அரிசித் தவிடும் கோதுமைத் தவிடும் பாசுபரசு மிகுந்தவை. சுண்ணச்சத்து மிகக் குறைந்தவை. கோதுமைத் தவிட்டில் பாசுபரசு சுண்ணச்சத்தைப் போல் ஏறத்தாழ எட்டு முதல் பத்து மடங்கு உள்ளது. குதிரைக்குத் தேவையான விகிதமோ இதற்கு நேர்மாறானது. சுண்ணச்சத்து பாசுபரசை விடச் சற்றுக் கூடுதலாகவே இருத்தல் வேண்டும். தவிட்டையே முதன்மையாகத் தின்னும் குதிரையின் உடல், இரத்தத்தில் குறைந்த சுண்ணச்சத்தை ஈடுசெய்யத் தன் எலும்பிலிருந்தே அதனை எடுக்கிறது. முதலில் காலுக்குக் கால் மாறும் நொண்டலும், பின்னர் முக எலும்பு வீக்கமும் தோன்றும். முற்காலத்தில் ஐரோப்பிய ஆலைக்காரர்களின் குதிரைகளுக்கு இந்நோய் மிகுதியாக வந்தமையால் அங்கு இது ஆலைக்காரர் நோய் என்றும் பெயர் பெற்றது.

பசும்புல்லிலும் இடர் உண்டு. கறவை மாடுகளுக்காகப் பரவலாகப் பயிரிடப்படும் கோ-4, கோ-5 முதலிய கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் வகைகளில் ஆக்சலேட்டு மிகுதி. வைக்கோலிலும் இது உண்டு. ஆக்சலேட்டு குடலில் சுண்ணச்சத்தைப் பிணைத்து உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. மாட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிரிகள் இதனை ஓரளவு சிதைத்துவிடுகின்றன. குதிரைக்கு அவ்வமைப்பு இல்லை. மாட்டுக்கு நல்ல தீவனம் குதிரைக்கும் நல்லது என்னும் எண்ணம் இங்குப் பிழையாகிறது. ஒட்டுப்புல்லை மட்டும் நம்பாமல் அறுகு, கொழுக்கட்டைப் புல், நிலக்கடலைக் கொடி, குதிரைமசால் ஆகியவற்றைக் கலந்து தருவதும், மருத்துவரின் அளவுப்படி சுண்ணத்தூள் சேர்ப்பதும் நலம். நிலக்கடலைக் கொடியில் பூஞ்சணம் பிடித்திருத்தல் கூடாது.

பாண்டிய நாட்டுக் குதிரைகளைப் பற்றி 1290களில் இங்கு வந்த வெனிசுப் பயணி மார்க்கோ போலோ எழுதிய குறிப்பு இவ்விடத்தில் கருதத்தக்கது. மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைக் கடல்வழி வாங்கியும், ஆண்டு முடிவில் மிகச் சிலவே எஞ்சின என்றும், லாடம் அடித்து மருத்துவம் பார்க்கத் தெரிந்தோர் இங்கு இல்லை என்றும் அவர் கூறுகிறார். நல்ல இனக் குதிரைக்கும் பிறக்கும் குட்டி சிறுத்து, கால் கோணி, சவாரிக்கு உதவாததாக இருந்தது என்பதும் அவர் கூற்று. அவர் இதனை நாட்டின் தட்பவெப்பத்தோடு தொடர்புபடுத்தினார். எனினும் இக்குதிரைகளுக்கு அரிசிச் சோறும் இறைச்சியும் ஊட்டப்பட்டன என அவரே எழுதியுள்ளார். இரண்டும் சுண்ணச்சத்து மிகக் குறைந்தவை, அதனோடு ஒப்பிடப் பாசுபரசு மிகுந்தவை என்பதை இன்று அறிந்தோர்க்கு, கோணல் கால்களுக்கான காரணம் தொழுவத்திலேயே இருந்திருக்கலாம் எனத் தோன்றும்.

கொள்ளு தமிழகத்தில் குதிரைத் தீவனமாகவே பெயர் பெற்றது. ஊறவைத்தோ வேகவைத்தோ அளவாகத் தரும்போது நல்ல புரதம் அளிக்கிறது. மட்டக்குதிரை குறைந்த தீவனத்திலேயே கொழுக்கும் இயல்புடையது. திருவிழாக்களில் அன்பர்கள் ஊட்டும் வாழைப்பழம், வெல்லம், பொங்கல் ஆகியவை அளவு மீறினால் குளம்பின் உள்தகடுகளில் அழற்சி உண்டாகும். இது மூட்டு நோய் அன்று. ஆயினும் குதிரை முன்கால்களை நீட்டிப் பின்னோக்கிச் சாய்ந்து நிற்பதால் முதுகு நோய் எனத் தவறாகக் கொள்ளப்படுகிறது. குளம்பு சுடுவதும் கால் நாடி வலுவாகத் துடிப்பதும் வேறுபாட்டைக் காட்டும். இது உடனடி மருத்துவம் தேவைப்படும் நிலை. விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாமலும் கைக்குத் தட்டுப்படுமாறும் இருப்பதே ஏற்ற உடல்நிலையாகும்.

சுமையும் சேணமும்

எடைமேடை இல்லாத ஊர்களில் அளவு நாடாவால் எடையைக் கணிக்கலாம். மார்புச் சுற்றளவைச் செ.மீ.இல் அளந்து, அதனை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்தொடை முனை வரையிலான நீளத்தால் மீண்டும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் தோராயமான எடை கிலோகிராமில் கிடைக்கும். சுற்றளவு 140, நீளம் 135 செ.மீ. உள்ள மட்டத்தின் எடை ஏறத்தாழ 223 கிலோகிராம்.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், குதிரைகள் தம் எடையில் 15, 20, 25, 30 விழுக்காட்டுச் சுமையோடு ஓட்டப்பட்டன. 25 விழுக்காடு முதல் தசைவலியும் உழைப்பின் சுவடுகளும் தெளிவாகக் கூடின. சேணமும் சேர்த்து 20 விழுக்காடு என்னும் வரம்பு இதனால் பரவலாகக் கொள்ளப்படுகிறது. மேற்கண்ட மட்டத்துக்கு அது 45 கிலோகிராம் மட்டுமே. பள்ளிச் சிறுவரை ஏற்றலாம். பட்டு வேட்டியும் மாலையும் அணிந்த மாப்பிள்ளையைப் பொதுவாக ஏற்றலாகாது. மூட்டுத் தேய்வு உள்ள குதிரைக்கு வரம்பு இதனினும் குறைவு.

சேணம் தோள்பட்டை அசைவைத் தடுக்காமலும், கடைசி விலாவைத் தாண்டி இடுப்பில் படாமலும் அமைய வேண்டும். மட்டத்தின் முதுகு குறுகியதாதலால் பெரியவர் சேணம் பெரும்பாலும் இடுப்பை அழுத்துகிறது. ஆள் ஏறிய நிலையிலும் தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். சவாரி முடிந்து சேணத்தை எடுத்தவுடன் வியர்வைத் தடத்தைப் பார்ப்பது எளிய சோதனை. முழுதும் நனைந்த முதுகில் ஓரிடம் மட்டும் உலர்ந்திருந்தால் அங்கு அழுத்தம் மிகுதி என ஐயுற வேண்டும். சேணத்துக்கு மாற்றாகச் சாக்கையும் சமுக்காளத்தையும் மடித்துப் போடும் வழக்கத்தில், அமர்பவரின் எடை இரு சிறு புள்ளிகளில் இறங்குகிறது. மடிப்பு முள்ளெலும்பின் மேல் விழுந்தால் புண் உண்டாகும்.

இருசக்கர வண்டியில் பாரம் முன்னோக்கிச் சாய்ந்தால் ஏர்க்கால் வழியே முதுகில் எடை இறங்கும். பின்னோக்கிச் சாய்ந்தால் வயிற்று வார் மேலிழுக்கும். வண்டியில் ஆள் அமர்ந்த பின் ஏர்க்கால் சமநிலையில் நிற்கிறதா எனப் பார்க்க வேண்டும்.

குளம்பும் தரையும்

குளம்பின் முன்நுனி நீண்டு குதிகால் தாழ்ந்தால் தசைநாண்களும் கீழ்மூட்டுகளும் இழுபடுகின்றன. லாடம் அடித்த குதிரைக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கொருமுறை லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் செதுக்கி மீண்டும் அடிக்க வேண்டும். லாடம் இன்னும் தேயவில்லை என்பதற்காகத் தள்ளிப்போடுவது தவறு. வளர்வது குளம்பேயன்றி லாடமன்று.

செட்டிநாட்டின் செம்புரைத் தரையும் தார்ச்சாலையும் கோடையில் கெட்டிப்பட்டு ஒவ்வோர் அடியிலும் அதிர்ச்சியை மூட்டுக்கு ஏற்றுகின்றன. எல்கைப் பந்தயங்கள் சாலைகளிலேயே நடப்பதால் பயிற்சியையும் தார்ச்சாலையில் வைத்துக்கொள்வோர் உள்ளனர். இதற்கு மாறாக மணிமுத்தாறு, தேனாறு ஆகியவற்றின் வறண்ட ஆற்று மணலில் ஓட்டுவதும் தீங்கு தரும். ஆழ்ந்த மணல் தசைநாண்களைக் கிழிக்கவல்லது. அறுவடை முடிந்த, சற்று ஈரமுள்ள வயல் அல்லது மண்பாதை ஏற்றது. வேலை முடிந்த பின் ஊருணி நீரில் முழங்கால் அளவு பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்துவது புதிய வீக்கத்தைத் தணிக்கும்.

மருத்துவம்

புதிய காயத்துக்கு ஓய்வு தேவை. நாட்பட்ட மூட்டுத் தேய்வுக்கோ முழு ஓய்வு கேடு. நாள் முழுதும் குறுகிய கயிற்றில் கட்டிய குதிரையின் மூட்டுகள் விறைக்கின்றன. வேலியிட்ட இடத்தில் அவிழ்த்துவிடுவது பயனுடையது.

பீனைல்பியூட்டசோன், மெலாக்சிகாம் முதலிய வலிநீக்கிகள் மருத்துவர் அறிவுரையின்பேரில் தரப்படுகின்றன. அளவு மீறின் இரைப்பை, பெருங்குடல் புண்ணும் சிறுநீரகக் கேடும் உண்டாகும். மட்டத்தின் எடை குறைவாதலால் பெரிய குதிரைக்குரிய ஊசியளவு அதற்கு மிகையாகிவிடும். மூட்டுக்குள் செலுத்தும் இசுட்டீராய்டு ஊசி பல மாதங்கள் ஆறுதல் தரக்கூடும். கொழுத்த மட்டங்களில் அது குளம்பு அழற்சியைத் தூண்டலாம் என்பதால் முன்னெச்சரிக்கை வேண்டும். பந்தயத்துக்கோ ஊர்வலத்துக்கோ முந்தைய நாள் வலிநீக்கி போட்டு ஓட்டுவதே எல்லாவற்றிலும் தீயது. வலி என்னும் காவல் நீங்கிய நிலையில் குதிரை பழுதுற்ற மூட்டின்மேல் முழு எடையையும் வைத்து அதனை மீளாதவாறு கெடுத்துக்கொள்கிறது.

வலிநீக்கித் தேர்வு பிற உயிர்களையும் பாதிக்கிறது. டைக்குளோபினாக்கு செலுத்தப்பட்ட கால்நடைகளின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து பெருமளவில் மடிந்தன. கால்நடைப் பயன்பாட்டுக்கான அம்மருந்தை இந்திய அரசு 2006இல் விலக்கத் தொடங்கியது. 2023இல் கீட்டோபுரோபேன், அசெக்குளோபினாக்கு ஆகியவையும் தடை செய்யப்பட்டன. தமிழகத்தில் கழுகுகள் எஞ்சியுள்ள மோயாறு பள்ளத்தாக்கு உதகைக்கு அருகிலேயே உள்ளது. கழுகுகளுக்குத் தீங்கற்றவை என ஆய்ந்தறியப்பட்டவை மெலாக்சிகாம், டோல்பெனாமிக்கு அமிலம் ஆகியவை.

1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, 1989இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை 1962 என்னும் எண்ணில் அழைக்கலாம்.

மீட்புப் பயிற்சி

வலி தணிந்த பின் ஆளேற்றாமல் கையில் பிடித்து நடத்துவதில் தொடங்க வேண்டும். முதல் வாரங்களில் நாளுக்கு இருமுறை பத்து நிமிட நடை போதும். பின்னர் தரையில் கிடத்திய மூங்கில் கழிகளைத் தாண்டி நடக்கச் செய்தால் குதிரை காலைத் தூக்கி, வயிற்றைச் சுருக்கி, முதுகை உயர்த்தப் பழகும். கண்மாய்க் கரைபோன்ற மென்சரிவில் மெதுவாக ஏறுவது பின்தசையை வலுப்படுத்தும். ஒரு துண்டு முள்ளங்கியைக் காட்டி முன்கால்களுக்கிடையிலும் விலாப் பக்கத்திலும் தலையைத் திருப்பச் செய்யும் நீட்டல் பயிற்சி செலவற்றது. நாள்தோறும் செய்தால் முதுகெலும்பை ஒட்டிய ஆழ்தசைகள் தடிப்பது அளந்தறியப்பட்டுள்ளது. ஆளேற்றுவது இவற்றுக்கெல்லாம் பின்னரே.

சட்டம்

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960இன் 11ஆம் பிரிவு, மிகைச் சுமை ஏற்றுவதையும் நோயாலோ புண்ணாலோ வேலைக்குத் தகுதியற்ற விலங்கை வேலை வாங்குவதையும் குற்றமாக்குகிறது. 1965ஆம் ஆண்டின் இழுவை, பொதி விலங்குகள் விதிகள் பொதி சுமக்கும் மட்டக்குதிரைக்கு 70 கிலோகிராம் உச்சவரம்பு விதிக்கின்றன. விலங்கின் எடையைக் கருதாத இவ்வரம்பு, 350 கிலோகிராமுக்குக் குறைந்த மட்டங்களுக்கு 20 விழுக்காட்டை மீறுகிறது. நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேலும், இடைவெளியின்றி ஐந்து மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கலாகாது. வெப்பம் 37 பாகை செல்சியசைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலை கூடாது. சித்திரை, வைகாசியில் செட்டிநாட்டில் இவ்வெப்பநிலை வழக்கமானது. முள் பொருத்திய கடிவாளமும் தடை செய்யப்பட்டுள்ளது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசாமி கோயிலில் ஆடி மாதம் நடக்கும் கால்நடைச் சந்தை குதிரைகளுக்குப் பெயர் பெற்றது. சந்தையில் நின்ற நிலையில் மட்டும் பார்த்து வாங்குவது தவறு. சேணமின்றி முதுகைத் தடவியும், நான்கு குளம்புகளையும் தூக்கியும், கெட்டித்தரையில் ஓட்டியும், பின்னோக்கி நடத்தியும் பார்க்க வேண்டும். வலிநீக்கி தரப்பட்டிருந்தால் நொண்டல் சில நாட்கள் மறைந்திருக்கும் என்பதால், இயலுமாயின் ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்ப்பது நல்லது. பல்லைப் பார்த்து அகவை அறியலாம். மூன்று அகவை நிரம்பாத குட்டியின் மேல் ஆளேற்றத் தொடங்கியிருந்தால் வாங்குவோர் தயங்க வேண்டும். கால் எலும்புகளின் வளர்ச்சி ஏறத்தாழ அவ்வயதில் முடிந்தாலும், முதுகெலும்புகளின் வளர்ச்சி முழுமையடைய ஐந்து அகவைக்கு மேலாகும்.